ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போகும்போது ஷட்டில் டிரைவருக்கு டிப்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கணக்கு காட்டுவது?

பெருங்குடி_பயணி:

வணக்கம். ஆபீஸ் வேலையாக நாங்கள் நான்கு பேர் சென்னையிலிருந்து டல்லாஸ் போகிறோம். இரண்டு வாரம். நான்கு பேருக்கும் இதுதான் முதல் அமெரிக்கப் பயணம். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் பில்லுக்கு மேல் 18, 20 சதவீதம் வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். வேன் டிரைவர்கள் விஷயத்தில்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

எங்களுக்கு வரப்போகும் வண்டிகள் இவை. ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்கு ஹோட்டலின் இலவச ஷட்டில். அதே வேன் தினமும் காலையில் மூன்று மைல் தள்ளி இருக்கும் கிளையண்ட் ஆபீசில் இறக்கிவிட்டு மாலையில் கூட்டி வரும். நடுவில் ஒரு சனிக்கிழமை வாடகைக் கார் எடுக்க, ரென்டல் சென்டர் பஸ். திரும்பும் நாள் முதல் விமானம் காலை 6 மணிக்கு, அதனால் 3.30க்கே ஹோட்டலை விட்டுக் கிளம்ப வேண்டும். கான்பரன்ஸ் ஒன்றும் இருக்கிறது, அதற்கு அவர்களே பஸ் விடுகிறார்கள்.

இலவசம் என்று போட்டிருக்கும் வண்டிக்கும் கொடுக்க வேண்டுமா? ஆள் கணக்கா, பெட்டிக் கணக்கா? ரசீது இல்லாமல் கையில் கொடுக்கும் காசை ஆபீசில் எப்படித் திரும்ப வாங்குவது?

இர்விங்_வாசி:

கொடுக்க வேண்டும். ஹோட்டல் ஷட்டிலுக்கு இங்கே டிப்ஸ் பெட்டிக் கணக்கில் போகும், மைல் கணக்கில் போகாது. டிரைவர் தூக்கி ஏற்றி இறக்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 2 டாலர். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டு வருவது பெரும்பாலும் 23 கிலோ, அதாவது 50 பவுண்டு நிரப்பிய பெட்டி. அதற்கு 2 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேபின் டிராலிக்கு 1 போதும். தோளில் மாட்டியிருக்கும் லேப்டாப் பையை அவர் தொடுவதில்லை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஏற்றியதற்குத் தனி, இறக்கியதற்குத் தனி என்றும் கிடையாது, ஒரு பயணத்துக்கு ஒரு தடவைதான்.

கூலி எதற்கு என்று புரிய அந்த வேனின் பின்பக்கம் நின்று பார்த்தால் போதும். வேனின் தளம் ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் இருக்கும். பெட்டி அடுக்கும் இரும்புத் தட்டு இரண்டு அடுக்காக இருந்தால் மேல்தட்டு நெஞ்சு உயரம். முதலில் இறங்குகிறவர் பெட்டி அடியில் மாட்டிக்கொண்டால், மேலே இருப்பதையெல்லாம் எடுத்து, அதை உருவி, மறுபடி அடுக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு நடைக்கு இரண்டு தடவையாவது அவர் கைக்கு வருகிறது.

கொடுக்கும் நேரம் இறங்கும் இடத்தில். ஏறும்போதே கொடுத்தால் தவறில்லை, ஆனால் வழக்கம் அது இல்லை. பெட்டிகள் எல்லாம் தரைக்கு வந்ததும் டிரைவர் கைப்பிடியை இழுத்துவிட்டு உங்கள் பக்கம் திருப்பி நிறுத்துவார். அப்போது நோட்டை இரண்டாக மடித்துக் கையில் கொடுத்து ஒரு 'தேங்க் யூ' சொன்னால் முடிந்தது. நோட்டை விமானத்தை விட்டு இறங்கும்போதே எண்ணி, சட்டைப்பையிலோ பேண்ட் முன்பையிலோ தனியாக வைத்துவிடுங்கள். பர்ஸ் பெட்டிக்குள் இருந்து, அதைத் தெருவோரத்தில் திறந்து தேடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் இறங்கக் காத்திருப்பார்கள்.

நீங்கள் நான்கு பேர், எட்டுப் பெரிய பெட்டி என்றால் சரியான கணக்கு 16 டாலர். 15 கொடுத்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதை ஒருவர் கொடுக்க வேண்டும். குழுவாகப் போகும்போது 'அவன் கொடுத்திருப்பான்' என்று நான்கு பேரும் நினைத்து யாருமே கொடுக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. ஏறுவதற்கு முன்பே ஆள் யார் என்று பேசி வையுங்கள்.

ஆபீஸ் நடைக்குப் பெட்டி இல்லை. தனியாகப் போனால் 2 டாலர், நான்கு பேராகப் போனால் மொத்தமாக 4 அல்லது 5. இதை வாரக் கடைசியில் சேர்த்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். காலை டிரைவர் வேறு, மாலை டிரைவர் வேறு. வார நாள் ஆள் வேறு, சனி ஞாயிறு ஆள் வேறு. வெள்ளிக்கிழமை சேர்த்து வைத்த 40 டாலரை நீட்டும்போது எதிரில் நிற்பவர் உங்களை ஒரு தடவைகூட ஏற்றாதவராக இருக்கலாம். நடைக்கு நடை கொடுப்பதே சரி.

விடியற்காலை 3.30 நடைக்கு பெட்டிக் கணக்கைப் பார்த்துவிட்டு மேலே 5 சேருங்கள். சில ஹோட்டல்களில் ஷட்டில் 4 மணிக்கோ 5 மணிக்கோதான் ஆரம்பிக்கும். செக்-இன் செய்யும் அன்றைக்கே முன் மேசையில் கேட்டு, அந்த நடைக்கான பட்டியலில் அறை எண்ணையும் ஆள் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். 14 பேர் உட்காரும் வேனில் கடைசி நிமிடத்தில் நான்கு பேரும் எட்டுப் பெட்டியும் வந்து நின்றால் இடம் இருக்காது.

ரென்டல் சென்டர் பஸ்: நீங்களே பெட்டியை இழுத்து ஏற்றினால் ஒன்றும் வேண்டாம். டிரைவர் எழுந்து வந்து தூக்கினால் பெட்டிக்கு ஒரு டாலர்.

கான்பரன்ஸ் பஸ்சுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. அது ஏற்பாட்டாளர் முழுப் பஸ்சாகப் பேசி எடுத்தது, டிப்ஸ் அவர்கள் பொறுப்பு. கடைசி நாளில் பெட்டியோடு ஏறி, டிரைவர் அடியில் உள்ள லக்கேஜ் அறையில் போட்டுக் கொடுத்தால் மட்டும் பெட்டிக்கு 1, 2.

கோவை_ரகு:

ஒரு கேள்வி. இலவச ஷட்டில் என்று விளம்பரம் போட்டுத்தான் அந்த ஹோட்டல் ரூம் விற்கிறான். வாடகையில் அந்தச் செலவு அடங்கித்தானே இருக்கு? சில ஊர்ல ரிசார்ட் ஃபீ, டெஸ்டினேஷன் ஃபீன்னு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது டாலர் தனியா வேற போடுறான். அதுக்கும் மேல டிரைவருக்கு நாம ஏன் குடுக்கணும்? சம்பளம் குடுக்க வேண்டியது முதலாளிதானே?

தொழிலாளர்_சட்டம்:

நியாயமான கேள்வி, ரகு. வண்டி, டீசல், இன்சூரன்ஸ், டிரைவரின் மணிக்கூலி எல்லாம் அறை வாடகையில் இருப்பது உண்மை. ஆனால் அந்த மணிக்கூலியைத் தீர்மானிக்கும்போதே டிப்ஸ் வரும் என்ற கணக்கு அதற்குள் நுழைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி குறைந்தபட்ச கூலி மணிக்கு 7.25 டாலர். 2009க்குப் பிறகு இது ஏறவில்லை. மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி ரொக்கமாக 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸ் ஈடுகட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். ஈடுகட்டாவிட்டால் குறையும் தொகையை முதலாளி போட்டாக வேண்டும். இந்த 2.13 என்பது 1991லிருந்து அப்படியே நிற்கிறது. டெக்சாஸ் மாநிலம் மத்திய அளவையே பின்பற்றுகிறது. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா போன்ற மாநிலங்களில் முதலாளிக்கு இந்தச் சலுகை கிடையாது, முழு மாநிலக் கூலியும் கொடுக்க வேண்டும்.

ஷட்டில் டிரைவர்கள் எல்லாருமே 2.13 வாங்குகிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பலருக்கு முழு மணிக்கூலி உண்டு. ஆனால் எந்த டிரைவருக்கு எந்த ஏற்பாடு என்று பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியாது. அதனால் வழக்கத்தைப் பின்பற்றுவதுதான் அவருக்கு நியாயம்.

ரிசார்ட் ஃபீ பற்றி: அது ஹோட்டலின் வருமானம். வைஃபை, நீச்சல் குளம், ஜிம் என்று காரணம் எழுதியிருப்பார்கள். அதிலிருந்து டிரைவருக்குப் போகும் என்று எண்ண இடமில்லை. கட்டாயமாகச் சேர்க்கும் எந்தச் 'சர்வீஸ் சார்ஜ்' ஆனாலும், அமெரிக்க வரித்துறை அதை டிப்ஸாகக் கருதுவதில்லை. வாடிக்கையாளர் கட்டாயமின்றி, தொகையைத் தானே முடிவு செய்து, யாருக்கு என்று தானே தீர்மானித்துக் கொடுப்பதுதான் டிப்ஸ் என்று 2012இல் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மாறாக, கையில் கொடுக்கும் 2 டாலர் சட்டப்படி அந்த ஊழியருடையது. 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு முதலாளியோ மேலாளரோ மேற்பார்வையாளரோ அதில் பங்கு எடுக்க முடியாது. டிரைவர்கள் தங்களுக்குள் பொதுவாகச் சேர்த்துப் பிரித்துக்கொள்வது மட்டும் நடக்கலாம். டாஷ்போர்டு பக்கத்தில் ஒரு டப்பா வைத்திருந்தால் அதில் போடுவதும் சரிதான்.

முன் மேசையில் கொடுத்து 'டிரைவரிடம் சேர்த்துவிடுங்கள்' என்று சொல்ல வேண்டாம். அறை பில்லில் சேர்க்கச் சொல்லவும் வேண்டாம். இரண்டு வழியிலும் எந்த டிரைவருக்கு என்பது தொலைந்துபோகும்.

கோவை_ரகு:

புரிஞ்சுது. நன்றி. ரிசார்ட் ஃபீல அடங்கியிருக்கும்னுதான் இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன்.

சில்லறை_சுந்தர்:

எவ்வளவு கொடுப்பது என்பதைவிட, எந்த நோட்டில் கொடுப்பது என்பதில்தான் முதல் நாள் சிக்கல் வரும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் ஃபாரெக்ஸ் வாங்கும்போது கேட்காவிட்டால் 100 டாலர் நோட்டாகவே நீட்டுவார்கள். டிரைவரிடம் 100க்குச் சில்லறை இருக்காது, கேட்கவும் கூடாது. வாங்கும்போதே 'ஒன்றும் ஐந்துமாக ஒரு 40 டாலர் வேண்டும்' என்று கேளுங்கள். இருப்பு இல்லை என்றால் 20 டாலர் நோட்டாவது வாங்குங்கள். ஃபாரெக்ஸ் கார்டை வைத்து அமெரிக்க ஏடிஎம்மில் எடுத்தாலும் பெரும்பாலும் 20ஆகத்தான் வரும். அதோடு கார்டு கம்பெனி ஒரு கட்டணமும் ஏடிஎம் வைத்திருப்பவர் ஒரு கட்டணமும் பிடிப்பார்கள். அதனால் ஒரே தடவையாக எடுங்கள்.

20ஐ உடைக்க வழி: ஏர்போர்ட் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கலாம், ஆனால் இப்போது பல ஏர்போர்ட் கடைகள் ரொக்கமே வாங்குவதில்லை. நோட்டை நீட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். ஹோட்டல் முன் மேசையில் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஐந்துமாக மாற்றித் தருவார்கள். காலையில் எட்டு மணிக்கு, செக்-அவுட் வரிசை நிற்கும்போது கேட்காமல், இரவு ஒன்பதுக்கு மேல் கேளுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் ரொக்கம் வாங்கும் செல்ஃப் செக்-அவுட் மெஷினில் 20ஐச் செருகி ஒரு வாழைப்பழச் சீப்புக்குப் பணம் கட்டினால், மிச்சம் பத்தும் ஐந்தும் ஒன்றுமாக வந்து விழும். எந்த மெஷினில் ரொக்கம் வாங்கும் என்று மேலேயே எழுதியிருக்கும்.

நாணயம் கொடுப்பதைத் தவிருங்கள். நான்கு குவார்ட்டர் ஒரு டாலர்தான், இருந்தாலும் பையைக் காலி செய்து கொட்டியது போலத் தெரியும். ரூபாய் நோட்டும் வேண்டாம். 'ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளட்டும்' என்று சிலர் 100 ரூபாய் கொடுக்கிறார்கள். அவரால் அதை எங்கேயும் மாற்ற முடியாது.

சில வேன்களில் சீட்டுக்குப் பின்னால் வென்மோ, கேஷ் ஆப் என்று கியூஆர் கோடு ஒட்டியிருக்கும். நம்ம ஊர் யுபிஐ மாதிரி இருக்கிறதே என்று ஸ்கேன் செய்யாதீர்கள். இரண்டுமே அமெரிக்க ஃபோன் எண்ணும் அங்குள்ள வங்கிக் கணக்கும் வைத்திருப்பவர்களுக்கானவை. குறுகிய பயணத்தில் வருகிறவர்களுக்கு ரொக்கம்தான்.

பெருங்குடி_பயணி:

அருமையான விவரங்கள், எல்லாருக்கும் நன்றி. ஒரு மாற்றம் வந்திருக்கிறது. திரும்பும் நாள் கிளையண்டே ஒரு பெரிய எஸ்யுவி அனுப்புவதாகச் சொல்கிறார்கள். அதற்கும் பெட்டிக் கணக்கா? அதோடு, டீமில் ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இப்போது சக்கர நாற்காலியில் வருகிறார். லிஃப்ட் உள்ள வேன் கேட்டிருக்கிறோம். டிரைவருக்கு அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா?

பிளாக்_கார்_விவரம்:

கிளையண்ட் அனுப்பும் கார் வேறு வகை. அது காசு கொடுத்து எடுக்கும் வண்டி, அங்கே பெட்டிக் கணக்கு போய்ச் சதவீதக் கணக்கு வந்துவிடும். வழக்கம் 15 முதல் 20 சதவீதம். ஆனால் கம்பெனி அக்கவுண்டில் புக் செய்யும் கார்களுக்குப் பெரும்பாலும் அந்தச் சதவீதம் பில்லிலேயே ஏறிவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது புக்கிங் உறுதி செய்த மின்னஞ்சல். அடியில் வரிவரியாகப் பிரித்திருப்பார்கள்: அடிப்படைக் கட்டணம், எரிபொருள் சார்ஜ், டோல், பிறகு 'கிராஜுவிட்டி' (டிப்ஸுக்கு இன்னொரு பெயர்) என்று ஒரு வரி. உதாரணமாக அடிப்படை 90 டாலர், கிராஜுவிட்டி 20 சதவீதம் 18 டாலர் என்று இருந்தால் வேலை முடிந்தது, திரும்பக் கொடுக்க வேண்டாம். விடியற்காலை, எட்டுப் பெட்டி என்பதால் விருப்பப்பட்டு ஐந்து டாலர் கூடக் கொடுத்தால் அது உங்கள் மனசு.

கவனிக்க வேண்டியது 'சர்வீஸ் ஃபீ', 'அட்மின் ஃபீ' என்ற வரிகளை. மேலே சட்டம் பற்றி எழுதியவர் சொன்ன மாதிரி அது கம்பெனிக்குப் போகும் பணம். அந்த வரி மட்டும் இருந்து கிராஜுவிட்டி வரி இல்லாவிட்டால் டிரைவருக்கு எதுவும் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மின்னஞ்சல் உங்களுக்கு வராமல் கிளையண்டின் அட்மினுக்குப் போயிருக்கும். முந்தின நாளே அவரிடம் 'இஸ் கிராஜுவிட்டி இன்க்ளூடட்?' என்று ஒரு வரி கேட்டு வையுங்கள். டிரைவரிடமே கேட்பதும் தவறில்லை, ஆனால் 'இல்லை' என்று அவர் சொன்ன பிறகு நோட்டைத் தேட ஆரம்பித்தால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

பல பேரைச் சேர்த்து ஏற்றும் கட்டண வேனும் இதே சதவீதக் கணக்குதான். ஆளுக்கு 30 டாலர் டிக்கெட் என்றால் நாலரையிலிருந்து ஆறு டாலர். ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போதே டிப்ஸ் கட்டம் வரும். அதில் ஏற்கெனவே 15ஐத் தேர்வு செய்து வைத்திருப்பார்கள், கவனிக்காமல் ஓகே அமுக்கிவிட்டு அங்கேயும் போய்க் கையில் கொடுத்தால் இரட்டைச் செலவு. ஊபரில் ஆப்புக்குள்ளேயே பயணம் முடிந்ததும் கேட்கும். ஆபீஸ் அக்கவுண்டோடு இணைத்த ஊபராக இருந்தால், டிப்ஸை கம்பெனி ஏற்குமா, எத்தனை சதவீதம் வரை என்று ஆபீஸ் முன்பே அமைத்திருக்கலாம். ஏற்காது என்று அமைத்திருந்தால் அந்தத் தொகை உங்கள் சொந்தக் கார்டுக்குப் போகும்.

சக்கர நாற்காலி பற்றி: லிஃப்ட்டை இயக்குவது, நாற்காலியின் நான்கு மூலையிலும் பட்டையை மாட்டி இறுக்குவது, பெல்ட் போட்டுவிடுவது இதெல்லாம் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அந்தச் சேவையின் கடமை. அதற்குக் காசு எதிர்பார்க்கக் கூடாது, நீங்களும் அதற்கென்று தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் நண்பரின் பெட்டிக்கு வழக்கமான 2 டாலர் போதும். புக் செய்யும்போது நாற்காலி மடிக்கக்கூடியதா, மோட்டார் உள்ளதா, நாற்காலியோடு சேர்த்து எடை எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். மூன்றும் தெரியாமல் அனுப்பிய வேன் வந்து நின்று திரும்பிப் போனால், விடியற்காலை மூன்றரைக்கு வேறு வண்டி கிடைப்பது கஷ்டம்.

கணக்கர்_83:

க்ளெய்ம் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதை நான் எழுதுகிறேன். இதில்தான் பயணிகள் தங்கள் காசை விட்டுவிடுகிறார்கள்.

நிறைய கம்பெனிகள் அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் தினப்படி அளவையே முன்மாதிரியாக எடுத்துக்கொள்கின்றன. 2025 நிதியாண்டில் சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் சேர்த்துச் சாதாரண ஊர்களுக்கு 68 டாலர், செலவு அதிகமான நகரங்களுக்கு 92 வரை. இதற்குள் 5 டாலர் 'இன்சிடென்டல்' என்று தனியாகக் குறித்திருக்கும். அந்த ஐந்து டாலர் எதற்கு என்று விதியே சொல்கிறது: போர்ட்டர், பெட்டி தூக்குகிறவர், ஹோட்டல் ஊழியர், கப்பல் ஊழியர் ஆகியோருக்கான டிப்ஸ். அறை சுத்தம் செய்கிறவருக்கு வைக்கும் காசு இதில் அடங்கும்.

டாக்சி, ஷட்டில், இலவச வேன் டிரைவர்களுக்கான டிப்ஸ் இதில் அடங்காது. அரசின் பயண விதிகளில் அது போக்குவரத்துச் செலவுப் பகுதியில் தனியாக வருகிறது, அலுவலகம் நியாயமென்று ஏற்கும் தொகையைத் தரலாம் என்று. உங்கள் கம்பெனிக் கொள்கையும் இதைப் பின்பற்றினால், தினப்படிக்கு மேலேயே இதைக் கேட்கலாம். 'டிப்ஸ் எல்லாம் பெர் டயத்துக்குள் (தினப்படிக்குள்) அடக்கம்' என்று பொதுவாகச் சொல்லிவிடும் மேலாளர்களிடம் கொள்கை ஆவணத்தின் அந்தப் பத்தியைக் காட்டச் சொல்லுங்கள். சில கம்பெனிகளில் உண்மையிலேயே அடக்கம்தான், அங்கே கேட்க முடியாது. பயணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ரசீது: அமெரிக்க வரித்துறை விதிப்படி தங்கும் செலவு தவிர்த்து 75 டாலருக்குக் கீழே உள்ள செலவுக்கு ரசீது கட்டாயமில்லை. குறிப்பு கட்டாயம். தேதி, இடம், தொகை, எந்த வேலைக்காக, இந்த நான்கும் இருக்க வேண்டும். உங்கள் கம்பெனி 25 டாலர் என்று இறுக்கமாக வைத்திருந்தாலும் ஷட்டில் டிப்ஸ் அதற்குள் அடங்கிவிடும். மென்பொருளில் பதியும்போது செய்யும் தவறு, இரண்டு வாரத்து டிப்ஸையும் கூட்டி 'டிப்ஸ் 49 டாலர்' என்று ஒரே வரியாகப் போடுவது. சரிபார்க்கிறவர் திருப்பி அனுப்புவது அதைத்தான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி போடுங்கள், 'தரைவழிப் போக்குவரத்து' என்ற வகையில். விளக்கத்தில் இப்படி எழுதினால் போதும்: 'ஹோட்டல் ஷட்டில், ஏர்போர்ட் முதல் ஹோட்டல், பெட்டி 2, டிரைவர் டிப்ஸ் 4 டாலர், ரொக்கம், ரசீது இல்லை.'

கான்கர் என்ற பயணச் செலவு பதியும் மென்பொருளைப் பயன்படுத்தும் ஆபீசாக இருந்தால் ரசீது இல்லாத செலவுக்கான அறிவிப்புப் படிவம் அதற்குள்ளேயே இருக்கும், அதைச் சேர்த்துவிடுங்கள். ஃபோனில் ஒரு குறிப்பு திறந்து வைத்து, வேனை விட்டு இறங்கிய உடனே ஒரு வரி தட்டிவிடுவது நல்லது. நான்கு நாள் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லாமே 5 டாலராகத்தான் வரும், அதைப் பார்த்தாலே தணிக்கை செய்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

நான்கு பேருக்குமாக ஒருவர் கொடுத்தால் அந்த ஒருவர் மட்டும் முழுத் தொகையைப் பதிய வேண்டும், விளக்கத்தில் மற்ற மூன்று பேர் பெயரும் வர வேண்டும். நான்கு பேரும் தனித்தனியே நான்கில் ஒரு பங்கு பதிந்தால் யார் கொடுத்தது என்ற கேள்வி வரும்.

அமெரிக்கச் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. செலவான 60 நாளுக்குள் கணக்கு கொடுத்துவிடுங்கள். முன்பணம் வாங்கி மிச்சம் இருந்தால் 120 நாளுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். இவை வரித்துறை நியாயமான கால அளவு என்று ஏற்கும் எல்லைகள். தாண்டினால் அந்தப் பணம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படலாம்.

இர்விங்_வாசி:

ஒன்று விட்டுப்போயிற்று. டிப்ஸ் கொடுக்கவே கூடாத, தேவையில்லாத இடங்களும் உண்டு. ஏர்போர்ட் நிர்வாகமே ஓட்டும் டெர்மினல் பஸ், நகரப் பேருந்து, கிளையண்ட் கம்பெனி தன் ஊழியர்களுக்காக விடும் வளாகப் பஸ், இவற்றில் எல்லாம் கொடுக்கும் வழக்கம் இல்லை. அட்லாண்டாவிலும் ஃபீனிக்சிலும் வாடகைக் கார் நிலையத்துக்கே டிரைவர் இல்லாத ரயில்தான் போகிறது.

வண்டிக்குள் 'நோ டிப்பிங்' என்று எழுதியிருந்தாலோ, டிரைவர் ஒரு தடவை வேண்டாம் என்றாலோ அதோடு விட்டுவிடுங்கள். வற்புறுத்திக் கையில் திணித்தால் அவர் வேலைக்கே சிக்கல் வரலாம். அவருக்கு நன்மை செய்ய நினைத்தால், சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையைப் பார்த்து, பெயர், தேதி, நேரத்தோடு ஹோட்டலுக்கு நான்கு வரி மின்னஞ்சல் போடுங்கள். அது அவருடைய மேலாளர் கைக்குப் போகும்.

வண்டி தாமதமாக வந்தது என்பதற்காகக் குறைக்காதீர்கள். ஒரே வேன் பல டெர்மினல் சுற்றி வருகிறது, நடுவில் ஒரு பயணி பத்து நிமிடம் காக்க வைத்தால் அது உங்கள் நேரத்தில் ஏறும். பெட்டியைத் தூக்க எழுந்து வராமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் மட்டும் கொடுக்காமல் இறங்கலாம், அதில் தப்பில்லை.

பெருங்குடி_பயணி:

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்கு போட்டேன், சரியா பாருங்கள். வரும் நாள் எட்டுப் பெட்டிக்கு 16. ஆபீஸ் நடை பத்து நாள், நாளைக்கு இரண்டு, நடைக்கு 5 வீதம் 100. ரென்டல் பஸ் 0. கான்பரன்ஸ் பஸ் 0. திரும்பும் நாள் எஸ்யுவி, கிராஜுவிட்டி பில்லிலேயே இருக்கிறது என்று அட்மின் உறுதி செய்துவிட்டார், அதனால் 0. மொத்தம் 116, ஆளுக்கு 29. சென்னையில் 1 டாலர் நோட்டு இருபதும் 5 டாலர் நோட்டு இருபதும் கேட்டிருக்கிறேன். கொடுப்பது, பதிவது இரண்டும் என் பொறுப்பு.

சில்லறை_சுந்தர்:

கணக்கு சரி. ஒரே ஒரு திருத்தம்: எஸ்யுவிக்கு 0 என்றாலும் 5 டாலர் நோட்டு இன்னும் ஒன்று கூடுதலாகக் கேளுங்கள், இருபதும் ஆபீஸ் நடைக்கே தீர்ந்துவிடும். லிஃப்ட் வேன் தனியாக வருமானால் உங்கள் நண்பர் அந்த வண்டியில் போவார், அதன் டிப்ஸ் எஸ்யுவி பில்லில் இருக்காது. அவருடைய இரண்டு பெட்டிக்கு 4, விடியற்காலைக்கு மேலே 5. அந்த 9 டாலரைக் கடைசி இரவே எண்ணி அவர் கையில் கொடுத்துவிடுங்கள், வேறு வண்டியில் இருக்கும் உங்களால் அங்கே கொடுக்க முடியாது.